கேமரா நடுக்கமும் படக் கூர்மையும்: குமரி மாவட்டத்தில் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. அதே காற்றில் ட்ரைபாட் மீது நிற்கும் கேமராவும் நடுங்குகிறது. கடலோரத்தில் மணல் இளகுகிறது, படகில் எஞ்சின் அதிர்கிறது. படம் கலங்கி வந்தால் பலர் லென்ஸைக் குறை சொல்லிவிட்டு அடுத்த லென்ஸுக்கு விலை கேட்கக் கிளம்பிவிடுகிறார்கள். காசை எடுக்கும் முன் நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. கீழே உள்ளவை இந்த மாவட்டத்தில் படம் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை.

படம் கலங்கியிருக்கிறது. கேமரா நடுங்கியதா, ஃபோகஸ் தவறியதா, எதிரே இருந்தவர் அசைந்தாரா? எப்படிப் பிரித்தறிவது?

படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அதில் உள்ள ஒளிப்புள்ளிகளைத் தேடுங்கள். அலையில் மின்னும் வெயில், தூரத்துத் தெருவிளக்கு, வள்ளத்தில் எரியும் பல்பு, ஈரப் பாறையின் பளபளப்பு என ஏதாவது ஒன்று அகப்படும். அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில், ஒரே நீளத்தில் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தால் கேமரா நடுங்கியிருக்கிறது. கோடாக இல்லாமல் சிறு வட்டங்களாக விரிந்திருந்தால் ஃபோகஸ் தவறு. அப்போது முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது ஒரு பொருள் கூர்மையாக விழுந்திருக்கும். பாறை தெளிவாக இருந்து, அதன் மேல் நிற்பவர் மட்டும் கலங்கியிருந்தால் அவர்தான் அசைந்தார். உங்கள் கை மீது பழி இல்லை.

இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. விளிம்புகள் இரட்டையாக, நிழல் பிடித்ததுபோல் தெரிந்தால், ட்ரைபாட் மீது இருந்த கேமரா உள்ளுக்குள்ளிருந்தே அதிர்ந்திருக்கலாம். நடுவில் தெளிவாகவும் ஓரங்களில் வளைவாகவும் இழுபட்டிருந்தால், பொத்தானை அழுத்திய விரல் கேமராவைச் சற்றுச் சுழற்றிவிட்டது.

நம் கடற்கரைக்கென்றே ஒரு போலி நடுக்கமும் இருக்கிறது. அரை மணி நேரம் கடற்காற்றில் நின்றால் லென்ஸின் முன் கண்ணாடியில் உப்புப் படலம் படிந்துவிடும். படம் முழுவதும் மங்கி, கறுப்பு சாம்பலாகி, விளக்குகளைச் சுற்றி ஒளி பரவியிருக்கும். இதற்கும் அதிர்வுக்கும் சம்பந்தம் இல்லை. மணல் துகளை முதலில் ஊதி நீக்கிவிட்டு, அதன் பிறகே சுத்தமான லென்ஸ் துணியால் துடைக்க வேண்டும். வேட்டி நுனியாலும் சேலை முந்தானையாலும் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

நான் கேமராவை அசைக்கவே இல்லை. கண்ணுக்கே தெரியாத நடுக்கம் படத்தை இவ்வளவு கெடுக்குமா?

கெடுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் (ஃபிலிம் கட்டத்தைவிடச் சிறிய சென்சார் உள்ளது) ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3.9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 200 மி.மீ. லென்ஸ் மாட்டி, 500 மீட்டர் தொலைவில் உள்ள ஒன்றைப் படம் எடுத்தால் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது ஏறத்தாழ ஒரு செ.மீ. திருவள்ளுவர் சிலையின் விரல் விளிம்பைக் கரையிலிருந்து பிடிக்கப் பார்க்கும்போது நாம் மல்லுக்கட்டுவது இந்த அளவோடுதான்.

இனி கேமரா எவ்வளவு திரும்பினால் அந்த ஒரு பிக்சல் நழுவும் என்று பாருங்கள். 15 செ.மீ. நீளமுள்ள லென்ஸின் நுனி வெறும் 3 மைக்ரான் நகர்ந்தால் போதும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஷட்டர் (சென்சாருக்கு ஒளியைத் திறந்து மூடும் திரை) திறந்திருக்கும் நேரத்துக்குள் லென்ஸ் நுனி ஒரு முடியளவு அசைந்தாலே படம் இருபதுக்கும் மேற்பட்ட பிக்சல்களுக்கு இழுபடுகிறது. சிலையில் அது கால் மீட்டருக்குச் சற்றே குறைவு. விரல்களின் இடைவெளி அதில் காணாமல் போய்விடும். இதயத் துடிப்பும் மூச்சும் கையில் இருக்கும்வரை முடியளவு அசைவு என்பது எவருக்கும் உண்டு.

அப்படியானால் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?

பழைய விதி: லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவோ, அதன் தலைகீழ். 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 நொடி. ஏபிஎஸ்-சி கேமரா என்றால் ஒன்றரை மடங்கு சேர்த்து 1/300. கேமராவில் அதற்கு அருகில் கிடைப்பது 1/320.

இந்த விதி ஃபிலிம் காலத்தில், சிறிய அச்சுப் படத்தை மனதில் வைத்துப் பிறந்தது. இன்று 24 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கிறோம். ஆகையால் விதி சொல்வதைப்போல் இரு மடங்கு வையுங்கள் என்கிறேன். 1/320 போதும் என்றால் 1/640. காற்று வீசும் நாளில் அதற்கும் மேலே போகலாம்.

அவ்வளவு வேகம் வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏறுகிறதே. படம் புள்ளி புள்ளியாகிவிடாதா?

ஆகட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புள்ளிகளை மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம். அச்சிட்டால் பாதி கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. நடுங்கி இழுபட்ட கண்ணிமையை எந்த மென்பொருளும் உள்ளபடி திருப்பித் தராது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் கணத்தை ஐஎஸ்ஓ 400, 1/40 நொடி என்று எடுத்துக் கலங்கலாகக் கொடுப்பதைவிட, ஐஎஸ்ஓ 3200, 1/320 என்று எடுத்துக் கொஞ்சம் சொரசொரப்பாகக் கொடுங்கள். அந்தக் குடும்பம் ஐம்பது வருடம் வைத்துப் பார்க்கப் போகும் படம் அது.

என் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. அது போதாதா?

உங்கள் கை நடுக்கத்துக்குப் பெரிய துணை. எஸ்எல்ஆர் கேமராக்களுக்கான மாற்று லென்ஸ்களில் இந்த வசதியை முதலில் கொண்டுவந்தது கேனன், 1995-ல், ஒரு 75-300 மி.மீ. லென்ஸில். சென்சாரையே நகர்த்தி நடுக்கத்தை ஈடுசெய்யும் முறை பின்னர் வந்தது. உள்ளே இருக்கும் ஜைரோ உணரி கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்க, அதற்கு எதிர்ப்பக்கமாக லென்ஸுக்குள் ஒரு வில்லையோ சென்சாரோ நகர்கிறது. நான்கு நிறுத்தம் (ஸ்டாப்; ஒவ்வொரு நிறுத்தமும் ஷட்டர் நேரத்தை இரு மடங்காக்கும்) என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் 1/200 தேவைப்பட்ட இடத்தில் 1/13 வரை இறங்கலாம் என்று பொருள். ஆனால் அது சோதனைக்கூட அளவு. காற்றில் நிற்கும்போது அதில் பாதியை மட்டும் நம்புங்கள்.

அது செய்யாதது ஒன்று: எதிரே ஓடும் குழந்தையை நிறுத்தாது. தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்கு முன் 1/15 நொடியில் எடுத்தால், குவிந்து கிடக்கும் பிச்சிப்பூ கூர்மையாகவும் அதை அள்ளும் கை ஆவியாகவும் விழும். அதுவே வேண்டும் என்றால் நல்ல படம். கையும் தெரிய வேண்டும் என்றால் 1/250-க்குக் குறையாதீர்கள். பூவுக்கு மிக அருகில் போய் மேக்ரோ எடுக்கும்போதும் ஸ்டெபிலைசேஷனின் பலன் சட்டென்று குறைந்துவிடுகிறது. அங்கே கேமரா திரும்புவதோடு, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்வதும் படத்தைக் கெடுக்கும்.

ட்ரைபாடில் வைத்த பிறகு ஸ்டெபிலைசேஷனை அணைக்க வேண்டுமா?

பழைய லென்ஸ் என்றால் அணைத்துவிடுங்கள். அசைவே இல்லாத இடத்தில் அது அசைவைத் தேடித் தானே ஒன்றை உண்டாக்கும். புதியவை பல, ட்ரைபாடில் இருப்பதை உணர்ந்து தாமாக அடங்கிவிடும். ஐயமாக இருந்தால் இரண்டு விதமாகவும் எடுத்து ஒப்பிடுங்கள். பலத்த காற்றில் ட்ரைபாடே ஆடும்போது மட்டும், அது இயங்கட்டும் என்று விட்டுவிடுவது சில நேரம் நல்லது.

ட்ரைபாட் வைத்தும் படம் கலங்குகிறது. காற்றை எப்படிச் சமாளிப்பது?

நம் மாவட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கன்னியாகுமரி முனை, முட்டம் எங்கே நின்றாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றோடு மல்லுக்கு நின்றே ஆக வேண்டும்.

முதல் வேலை: கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். காற்றில் படபடக்கும் பட்டை நொடிக்குப் பலமுறை கேமராவைத் தட்டிக்கொண்டே இருக்கும். பத்தாயிரம் ரூபாய் ட்ரைபாடையும் வீணாக்க அது ஒன்றே போதும். கழற்ற முடியாவிட்டால் ட்ரைபாட் தலையில் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். அடுத்து லென்ஸ் ஹூட். பெரிய டெலி லென்ஸின் ஹூட் காற்றை நன்றாகப் பிடிக்கும். வெயில் நேராக லென்ஸில் விழாதபோது அதை எடுத்துவிடலாம்.

நடுத்தண்டை உயர்த்தவே உயர்த்தாதீர்கள். மூன்று காலின் பலத்தை ஒற்றைக் கம்பிக்கு மாற்றிவிடுகிறது அது. உயரம் வேண்டும் என்றால் தடித்த மேல் பகுதிகளை முதலில் நீட்டி, மெலிந்த கடைசிப் பகுதியைக் கடைசியில் நீட்டுங்கள். முடிந்தால் கால்களை அகல விரித்து, மண்டியிட்டு எடுங்கள். தரையை ஒட்டிய காற்று மேலே வீசுவதைவிடத் தணிவானது. ஒரு கால் காற்று போகும் திசையில் நீண்டிருக்கட்டும், கவிழாது.

பையைக் கொக்கியில் தொங்கவிடச் சொல்வார்கள். அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஊசலாடி, தன் ஆட்டத்தை ட்ரைபாடுக்கே கொடுக்கும். தொங்கவிடுவதானால் பையின் அடி தரையைத் தொட்டு நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலே, நேரம் பார்த்து எடுப்பது. காற்று ஒரே சீராக வீசுவதில்லை. வீசி, தணிந்து, மறுபடி வீசும். உங்கள் உடலையே மறைப்பாக வைத்துக்கொண்டு, லைவ் வியூவில் (காட்சியைப் பின்திரையில் நேரடியாகக் காட்டும் முறை) பத்து மடங்கு பெரிதாக்கித் திரையைப் பாருங்கள். காற்றாலையின் கோபுர விளிம்பு திரையில் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். அது அடங்கும் இரண்டொரு நொடிக்குள் ரிமோட்டை அழுத்துங்கள். இறக்கையின் நுனியை நிறுத்த 1/1000-க்குப் பக்கத்தில் வேகம் தேவைப்படும். நான் நிறுத்துவதை விரும்புவதில்லை. 1/30 அளவில் கோபுரம் கல்லாக நிற்க, இறக்கை மட்டும் வழியும் படத்தில்தான் காற்று தெரிகிறது. அதற்குத்தான் அசையாத ட்ரைபாட் வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று எடுத்தால் லாரி கடந்து போகும்வரை காத்திருங்கள். தரை அதிர்வும் லாரி கிளப்பும் காற்றும் சேர்ந்தே வரும்.

கடற்கரை மணலில் ட்ரைபாட் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதே?

அலை வந்து திரும்பும் ஈர மணலில் காலைச் சும்மா வைத்தால் ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் கீழே போகும். சொத்தவிளையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து (நீண்ட எக்ஸ்போஷர்) எடுப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. கால்களை ஓரளவு மட்டும் விரித்து, ஒவ்வொன்றையும் கெட்டியான அடி மணல் தட்டும்வரை அழுத்தி இறக்குங்கள். ஓரிரு அலை வந்து போகட்டும், பிறகு எடுங்கள். அலை காலைத் தொடும்போது ஷட்டர் திறந்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கால்களை முழுவதும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைக்காவிட்டால் உப்பு பூட்டுகளைத் தின்றுவிடும்.

திற்பரப்பு அருவியில் ட்ரைபாட் வைத்து 1/8 நொடியில் எடுத்தேன். தண்ணீர் வழிவது இயல்புதான். பாறையும் ஏன் இரட்டையாகத் தெரிகிறது?

உங்களுடையது டிஎஸ்எல்ஆர் என்றால், காட்சியை வ்யூஃபைண்டருக்குத் திருப்ப உள்ளே இருக்கும் கண்ணாடியே (மிரர்) காரணமாக இருக்கலாம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே போய் மோதும். அந்த அதிர்ச்சி அடங்க ஒரு நொடியில் ஒரு பகுதி ஆகும். 1/500 நொடியில் எடுத்தால் அதிர்வு படத்தில் பதிய அவகாசம் இல்லை. 30 நொடி திறந்து வைத்தால் அதிரும் நேரம் மொத்தத்தில் சொற்பம். நடுவே, ஏறத்தாழ 1/60 முதல் ஒரு நொடி வரை உள்ள பகுதியில்தான் எக்ஸ்போஷரின் பெரும்பங்கை அதிர்வு பிடித்துக்கொள்கிறது. அருவிக்கு எல்லோரும் வைக்கும் வேகம் இதற்குள் அப்படியே விழுகிறது.

கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தும் வசதி மெனுவில் இருக்கும். அதை வைத்து, இரண்டு நொடி டைமரும் கொடுங்கள். லைவ் வியூவில் எடுத்தாலும் பல கேமராக்களில் கண்ணாடி ஏற்கெனவே மேலேதான் இருக்கும். கூடவே, வேகத்தைக் குறைக்க எஃப் 22 வரை துளையைச் சுருக்காதீர்கள். சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) அதுவும் படத்தை மங்கச் செய்யும். எஃப் 8 அல்லது எஃப் 11 வைத்து, என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்கள். அருவித் தூவானம் லென்ஸில் படிவதையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது மிரர்லெஸ். அப்படியானால் எனக்கு இந்தத் தொல்லை இல்லையே?

கண்ணாடி இல்லை, ஷட்டர் திரை இருக்கிறது. எக்ஸ்போஷர் தொடங்கும் முன் திரை மூடித் திறக்கும் அதிர்ச்சி, 1/60 முதல் 1/250 வரை உள்ள வேகங்களில் சில கேமராக்களில் பதிந்துவிடும். 2013-ல் வந்த சோனி ஏ7ஆர் நீண்ட லென்ஸ்களோடு இதற்காகவே அதிகம் பேசப்பட்டது. உங்கள் கேமராவின் மெனுவில் மின்னணு முன்திரை ஷட்டர் (முன்திரைக்குப் பதில் சென்சாரே எக்ஸ்போஷரைத் தொடங்கும் முறை) இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முழு மின்னணு ஷட்டரில் அதிர்வே இல்லை. ஆனால் வேகமாக ஓடும் பொருள் சாய்ந்து விழும், எல்இடி விளக்கின் கீழ் பட்டை பட்டையாகக் கோடு வரும்.

படகிலிருந்து எடுக்கும்போதும் கண்ணாடிப் பாலத்தின் மேலிருந்து எடுக்கும்போதும் என்ன செய்வது?

படகில் கம்பிமீது கேமராவை ஊன்றாதீர்கள். நிலத்தில் நல்ல தாங்கல் என்று நினைத்துப் பழகிய அதுதான் இங்கே எஞ்சின் அதிர்வை நேராகக் கேமராவுக்குள் கடத்துகிறது. இருக்கையில் முதுகைச் சாய்க்காமல், முழங்கையை உடலோடு ஒட்டி, கால்களைச் சற்றே மடக்கி நில்லுங்கள். அதிர்வை உங்கள் சதையே வாங்கிக்கொள்ளும். 1/1000-க்கு மேல் வேகம் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் அது ஒன்றும் கடினம் இல்லை. பஸ் ஜன்னலில் லென்ஸை அழுத்தி எடுப்பதற்கும் இதே பதில்.

வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில், கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். நடமாட்டம் உள்ள எந்தப் பாலத்திலும் மெதுவான ஷட்டர் வேகம் வேண்டாம். 1/250-க்கு மேல் வைத்துக் கையில் எடுங்கள், போதும்.

மாத்தூர் தொட்டிப்பாலம்?

பரளியாற்றுக்குக் குறுக்கே 1966-ல் கட்டப்பட்டு, 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம் அது. அந்த உயரத்தில் காற்று நேராக அடிக்கும். ஒடுங்கிய நடைபாதையில் ட்ரைபாட் வைத்தால் மற்றவர்களுக்கும் இடைஞ்சல். மேலே கையில் எடுங்கள். ட்ரைபாடை ஆற்றங்கரைக்கு இறக்குங்கள். தூண்கள் வரிசையாக எழுந்து நிற்பதை அங்கிருந்து பார்த்தால்தான் பாலத்தின் ஆகிருதி புரியும், தரையும் கெட்டி.

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் இருட்டாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ட்ரைபாடுக்கு முன்அனுமதி உண்டா என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறை நிர்வாகத்தில் இருக்கிறது. மாடிகளில் மரத்தளம். பக்கத்தில் ஒருவர் நடந்தாலே பலகை இளகும் என்பதால், காலடிச் சத்தம் ஓய்ந்த பின் எடுங்கள். அகன்ற கோண லென்ஸ், ஸ்டெபிலைசேஷன், மூச்சை மெல்ல விட்டு முடிக்கும் கணம், தொடர்ச்சியாக நான்கைந்து படங்கள். நடுவில் உள்ளவை பெரும்பாலும் கூர்மையாக இருக்கும், ஏனென்றால் பொத்தானை அழுத்தும் அசைவு முதல் படத்திலும் விடுவிக்கும் அசைவு கடைசியிலும் விழுகிறது. ஒரு வேண்டுகோள்: செதுக்கு வேலை உள்ள தூண்களில் கேமராவையும் தோளையும் ஊன்றாதீர்கள். நம் படத்தைவிட அந்த மரவேலை பெரிது.

சித்திரா பௌர்ணமி நிலாவை 400 மி.மீ. லென்ஸில் ட்ரைபாடில் ஒரு நொடி திறந்து வைத்து எடுத்தேன். ஏன் கலங்கியது?

நிலா நகர்ந்துவிட்டது. பூமி சுழல்வதால் வானம் ஒரு நொடிக்கு 15 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) நகர்கிறது. முன்பு சொன்ன 3.9 மைக்ரான் பிக்சலில், 400 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் என்பது சுமார் 2 விகலை. ஆக ஒரு நொடியில் ஏழெட்டு பிக்சல் இழுபடும். 1/15 அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். கன்னியாகுமரியில் அன்று மாலை சூரியன் ஒரு பக்கம் மறையும்போதே நிலா மறுபக்கம் எழும். வானில் வெளிச்சம் மிச்சம் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் 1/125-கூடக் கிடைக்கும். லென்ஸில் ட்ரைபாட் வளையம் இருந்தால் கேமராவை அல்ல, அந்த வளையத்தைப் பொருத்துங்கள்.

நண்பகலில் 1/2000 வைத்தும் தூரத்துச் சிலை கலங்குகிறதே?

வெப்பக் காற்றலை. பாறையும் மணலும் சூடேறி, இடையிலுள்ள காற்று நெளிகிறது. இதற்கு ட்ரைபாடும் உதவாது, விலை உயர்ந்த லென்ஸும் உதவாது. காலையில் வாருங்கள்.

தேரூர் குளத்தில் பறவைகளை எடுக்க ட்ரைபாட் சுமக்க வேண்டுமா?

வேண்டாம். சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். எழுந்து நின்று ட்ரைபாடை விரிப்பதே பறவைகளைக் கலைத்துவிடும். கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டு ஒரு பை தைத்து, முக்கால் பங்கு அரிசியோ பயறோ நிரப்பிக் கட்டுங்கள். குளத்தின் தாழ்ந்த கரைச்சுவரில் அதை வைத்து, லென்ஸை அதன் மேல் அமிழ்த்தி, இடது கையை லென்ஸின் மேலே வைத்து மெல்ல அழுத்துங்கள். லென்ஸின் அதிர்வைத் தானியம் உள்வாங்கிக்கொள்ளும். கரை மணலை அள்ளி நிரப்பாதீர்கள். தையலில் கசியும் தூசு ஜூம் வளையத்துக்குள் புகும். நிற்கும் கொக்குக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000.

பையும் இல்லாத இடத்தில் ஒரு கயிறு போதும். கேமராவின் அடியில் உள்ள துளைக்குப் பொருந்தும் கால் அங்குலத் திருகாணியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். மேலும் கீழுமான ஆட்டம் நன்றாகக் குறையும்.

செல்போனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். இரவுப் படத்தில் போன் சில நொடிகள் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. அந்த நேரம் போனைச் சுவரிலோ கம்பத்திலோ சாய்த்து, டைமர் வைத்து எடுங்கள். ஜூம் கேமராவில் எடுத்தால் இருமடங்கு கவனம்.

பைக்கின் கைப்பிடியில் போனை மாட்டி வழி பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதிக வலுவுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு நீண்ட காலம் பட்டால் கேமராவின் ஸ்டெபிலைசேஷனும் ஆட்டோஃபோகஸும் கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. மிகச் சிறிய காந்தங்களின் நடுவே மிதக்கும் லென்ஸ் அது. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டியே ஆக வேண்டும் என்றால் அதிர்வு தாங்கும் ரப்பர் இணைப்புள்ள மாட்டியை வாங்குங்கள்.

என் கேமராவும் ட்ரைபாடும் எவ்வளவு நம்பகமானவை என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

ஒரு செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, சில மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை வையுங்கள். ஃபோகஸை ஒருமுறை சரிசெய்து கையியக்கத்துக்கு மாற்றி, துளை அளவை எஃப் 8-லேயே நிறுத்துங்கள். இரண்டு நொடி டைமரில் 1/500-ல் தொடங்கி 1/250, 1/125 என்று ஒரு நொடி வரை இறங்குங்கள். வெளிச்சத்தை ஐஎஸ்ஓவால் ஈடுகட்டுங்கள். பிறகு அதே வரிசையைக் கண்ணாடியை முன்கூட்டி உயர்த்தியோ மின்னணு முன்திரை வைத்தோ எடுங்கள். சிறிய எழுத்துகளை மட்டும் அருகருகே ஒப்பிடுங்கள். எந்த வேகத்தில் எழுத்து இரட்டிக்கிறதோ அதுவே உங்கள் கேமராவின் பலவீனமான இடம். அதை ஒரு காகிதத்தில் எழுதி கேமரா பையில் போட்டு வையுங்கள். காற்றுள்ள நாளில் இதே சோதனையை மொட்டை மாடியிலும் செய்து, இன்னொரு காகிதத்தில் எழுதுங்கள். இரண்டு காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ட்ரைபாடுக்குச் செலவழிக்க வேண்டுமா, லென்ஸுக்கா என்பதற்கான பதில்.